முழங்கால் நோவும் நாலு சென்ரிமீற்றரும்



சென்ற இதழில் பழைய சைக்கிள் வாங்குவது பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கடிதம் போட்டிருக்கிறார். அவருடைய கணவரும் ஒரு றேஸ் சைக்கிள் வாங்கினாராம். முதல் மாதம் சந்தோசமாக ஓடித் திரிந்தாராம். இப்போது வீட்டுப் படி இறங்க முடியாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாராம். "அண்ணை, நாங்கள் சொன்னால் கேட்கிறார் இல்லை, நீங்களே விடச் சொல்லி ஒரு வரி எழுதுங்கோ" என்று முடித்திருக்கிறார்.

தங்கச்சி, அந்த ஒரு வரியை மட்டும் என்னால் எழுத முடியாது. நானும் அதே படியில் அதே முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவன். அந்தக் கதையை எழுதுகிறேன். கணவருக்கு வாசித்துக் காட்டுங்கோ.

நான் 2011இல் சுவிசுக்கு வந்தவன். ஓ.எல். பரீட்சையோடு படிப்பு முடிந்தது. பேர்ன் பக்கத்தில் இரும்புச் சாமான் கடைகிற ஒரு தொழிற்சாலையில் மெசினுக்கு முன்னால் நிற்கிற வேலை. ஒரு கிழமை காலை, ஒரு கிழமை பின்னேரம், ஒரு கிழமை இரவு. எட்டு மணித்தியாலமும் நின்ற நிலைதான். 2015இல் பழைய சைக்கிள் சந்தையில் 280 பிராங் கொடுத்து ஒரு றேஸ் சைக்கிள் வாங்கினேன். நீல நிறம், மெல்லிய ரயர், வளைந்த ஹாண்டில். அதன் அளவு என்ன, என் அளவு என்ன என்று ஒன்றும் பார்க்கவில்லை. வடிவாக இருந்தது, வாங்கினேன். கலியாணத்துக்குச் சப்பாத்து வாங்கும்போதுகூட போட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறோம். சைக்கிளுக்கு அந்தப் புத்தி வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்த முதல் வேலை, சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கினதுதான். இருந்துகொண்டே இரண்டு பாதமும் நிலத்தில் பதிய வேண்டும். அதுதான் சரியான உயரம் என்று நான் நம்பியிருந்தேன். யோசித்துப் பார்த்தால் இது அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லாத காலம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். அப்பாவின் லுமாலாதான் எங்களுக்குக் கார், லொறி, அம்புலன்ஸ் எல்லாம். கரியரில் வெங்காய மூட்டை அல்லது விறகு, பாரில் நான். அவ்வளவு பாரத்தோடு சைக்கிள் சரிந்தால் உடனே கால் ஊன்ற வேண்டும். ஆகவே சீற் பதிவாகத்தான் இருக்கும். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு 7 வயது. அன்றைக்கும் அந்த பாரில்தான் இருந்தேன். அப்பா ஏறி உழக்கினது கொஞ்சத் தூரம், சனத்துக்குள்ளே தள்ளினதுதான் மிச்சம். மூட்டை ஏற்றுகிற சைக்கிளுக்குப் பதிவான சீற் சரி. வெறும் உடம்போடு 60 கிலோமீற்றர் ஓடுகிற சைக்கிளுக்கு அது சரியில்லை. இதை அறிய எனக்கு மூன்று வருசமும் ஒரு முழங்காலும் செலவாகியது.

இன்னொரு பழக்கமும் ஊரிலிருந்து கூட வந்தது. அங்கே சைக்கிளுக்கு ஒரே பல்லுத்தான், கியர் கிடையாது. எதிர்க்காற்றோ மணலோ, எழும்பி நின்று மிதித்துத் தள்ளுவதுதான். இங்கேயும் அப்படியே பெரிய கியரைப் போட்டு, நிமிடத்துக்கு 50, 55 சுற்றில் இறுக்கி மிதித்துக்கொண்டு போவேன். பாரமாக மிதித்தால்தான் உடற்பயிற்சி என்று ஒரு எண்ணம். என்னைத் தாண்டிப் போகிற சுவிஸ் கிழவர்கள் கால்களைச் சும்மா காற்றாடி மாதிரிச் சுற்றிக்கொண்டு போவார்கள். பலமில்லாமல் அப்படி ஓடுகிறார்கள் என்று நினைத்து மனதுக்குள்ளே சிரிப்பேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் மறைந்துவிடுவார்கள்.

2018 வசந்த காலத்தில் வலது முழங்காலில், சிரட்டைக்குக் கீழே, ஊசி குத்தினதுபோல ஒரு நோ தொடங்கியது. முதலில் ஏற்றத்தில் மட்டும். பிறகு படி இறங்கும்போது. பிறகு மெசினுக்கு முன்னால் நிற்கும்போதும். எண்ணெய் பூசினேன், துணி கட்டினேன், தொடர்ந்து ஓடினேன். ஆவணியில் வீங்கிவிட்டது. வைத்தியர் முதலில் இரண்டு கிழமை வீட்டில் இருக்கச் சொன்னார், பிறகு அரை நாள் வேலை என்றார். அந்த நாட்களில் எனக்குச் சம்பளத்தில் 80 வீதம்தான் வந்தது.

அது எப்படிப்பட்ட நேரம் என்று சொன்னால்தான் என் பயம் உங்களுக்கு விளங்கும். அப்போது என்னிடம் இருந்தது எஃப் அனுமதி. ஐந்து வருசம் முடிந்தால் பி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் சொந்த உழைப்பில் வாழுகிறாய் என்று காட்ட வேண்டும். சம்பளத் துண்டுகளை அடுக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். அந்த நேரத்தில் ஒருநாள் செவ் வந்து, "நிற்க முடியாத ஆளை நான் எங்கே நிறுத்துவது?" என்று கேட்டார். பகிடியாகக் கேட்டாரோ உண்மையாகக் கேட்டாரோ, எனக்கு அன்று இரவு நித்திரை இல்லை. ஒரு பொழுதுபோக்குக்காக மனைவி பிள்ளையின் விசாவை வைத்துச் சூதாடிவிட்டேனோ என்று இருந்தது.

செப்ரெம்பர் 23ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுவதும் சைக்கிள் பாதைகளுக்கான வாக்கெடுப்பு நடந்தது. 73.6 வீதம் பேர் ஆம் என்று போட்டிருந்தார்கள். நான் காலை ஒரு கதிரையில் தூக்கி வைத்துக்கொண்டு அந்தச் செய்தியைப் பார்த்தேன். வாக்கும் இல்லை, சைக்கிளும் இல்லை.

வைத்தியர் உடற்சிகிச்சைக்கு எழுதித் தந்தார். ஒரு துண்டுக்கு 9 தடவை போகலாம். அங்கே இருந்த பெண்பிள்ளை முழங்காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அடுத்த முறை சைக்கிளையும் கொண்டு வாருங்கள்" என்றார். எனக்கு ஆச்சரியம். நோயாளியோடு சைக்கிளையும் பார்க்கிற வைத்தியம் எங்கே இருக்கிறது! கொண்டுபோனேன். ஏறி இருக்கச் சொன்னார், பெடலைச் சுற்றச் சொன்னார். பெடல் மேலே வந்தபோது என் முழங்கால் கிட்டத்தட்ட நெஞ்சுக்கு வந்தது. அவர் சிரிக்கவில்லை, நான்தான் சிரித்தேன்.

அவர் விளங்கப்படுத்தினதை எனக்கு விளங்கின மாதிரிச் சொல்கிறேன். சீற் பதிவாக இருந்தால், பெடல் மேலே இருக்கும்போது முழங்கால் அளவுக்கு மிஞ்சி மடங்குகிறது. அப்படி மடங்கின நிலையில் பலம் கொடுத்தால் சிரட்டை எலும்பு தொடை எலும்போடு இறுகி அமுங்குகிறது. ஒரு தடவை என்றால் ஒன்றுமில்லை. நிமிடத்துக்கு 80 சுற்று என்று வைத்தாலும் ஒரு மணித்தியாலத்தில் 4800 தடவை. இதற்கு மேலே பெரிய கியரையும் போட்டு இறுக்கினால் ஒவ்வொரு தடவையும் அமுக்கம் கூடும். வீக்கம் வராமல் என்ன செய்யும்?

இப்போது அளக்கிற முறை. வீட்டிலேயே செய்யலாம், கடையில் கொடுத்துச் செய்வித்தால் சில நூறு பிராங் போய்விடும். சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சுவரோடு முதுகு பட நில்லுங்கோ. பிள்ளையின் தடித்த மட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையில், சீற்றில் இருப்பதுபோல இறுகும்வரை மேலே தூக்குங்கோ. புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து நிலம் வரை யாரையாவது அளக்கச் சொல்லுங்கோ. எனக்கு 78 சென்ரிமீற்றர் வந்தது. அதை 0.883 ஆல் பெருக்க வேண்டும். அமெரிக்காவின் கிரெக் லெமொண்ட் என்ற சைக்கிள் வீரர் பரவச் செய்த கணக்கு இது. எனக்கு 68.9 வந்தது. பெடல் தண்டு சுற்றுகிற அச்சின் நடுவிலிருந்து சீற்றின் மேல்மட்டம் வரை அந்த உயரம் இருக்க வேண்டும். என்னுடையது 64.5இல் இருந்தது. நாலு சென்ரிமீற்றருக்கும் மேலே குறைவு!

கணக்கு வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருந்து, குதிக்காலைப் பெடலில் வையுங்கோ. பெடல் ஆகக் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். பிறகு வழமைபோல முன்பாதத்தை வைத்து உழக்கினால் முழங்கால் கொஞ்சம் மடங்கி நிற்கும். அவ்வளவுதான். ஊரில் எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் மூட்டையோடு அது சரிவந்திராது.

ஒரே நாளில் உயர்த்தக்கூடாது, தசை பழக வேண்டும். கிழமைக்கு 5 மில்லிமீற்றர் என்று அந்தப் பெண்பிள்ளை சொன்னார். நான் எங்கே கேட்டேன்! ஒன்றரை மாதத்தில் முடிந்தது என்று சந்தோசப்பட்டு 70க்கு ஏற்றிவிட்டேன். இப்போது நோ முழங்காலுக்குப் பின்பக்கம் வந்தது. என் பின்னால் ஓடி வந்த ஒரு தம்பி, "அண்ணை, உங்கட இடுப்பு அங்கயும் இஞ்சயும் ஆடுது" என்றார். உயரம் கூடினால் கால் எட்டாமல் இடுப்பு ஆடும். முன்பக்கம் நோ என்றால் பெரும்பாலும் சீற் பதிவு, பின்பக்கம் என்றால் உயரம் என்று வைத்துக்கொள்ளலாம். திரும்ப இறக்கி 69இல் நிறுத்தினேன். குழாயில் ஒரு கறுப்பு ரேப் சுற்றி அடையாளம் வைத்திருக்கிறேன். இன்றுவரை அதுதான்.

முழங்கால் அடங்கின பிறகுதான் கை தெரிந்தது. நீண்ட ஓட்டத்துக்குப் பிறகு சின்ன விரலும் அடுத்த விரலும் விறைத்துப் போகும். முழங்கால் நோவின் சத்தத்தில் அது கேட்கவில்லைப்போல. ஒருநாள் காலை வேலையில் கடைந்த சாமான் ஒன்று கையிலிருந்து நழுவி விழுந்தது. மெசினோடு வேலை செய்கிறவர்களுக்கு இது விளையாட்டல்ல. உள்ளங்கையின் வெளிப்பக்கத்தால் ஓடுகிற நரம்பு ஹாண்டிலில் அமுங்குவதால் வருவது என்று பிறகு அறிந்தேன். நான் வாங்கின பிறேம் 56. என் உயரம் 167 சென்ரிமீற்றர், எனக்கு 52 போதும். ஹாண்டில் எட்டாத தூரத்தில் இருந்ததால் உடம்பின் பாரம் முழுக்கக் கையில் விழுந்திருக்கிறது. புதுச் சைக்கிளுக்குக் காசு இல்லை. ஹாண்டிலைப் பிடித்திருக்கிற முன் துண்டைக் கழற்றி, 120 மில்லிமீற்றருக்குப் பதிலாக 80 போட்டேன். 25 பிராங். முன்னுக்குச் சரிந்திருந்த சீற்றையும் தட்டையாக்கினேன். பின் சில்லில் 23 பல் இருந்த பெரிய வட்டத்துக்குப் பதிலாக 28 பல் வரும்படி மாற்றினேன். அதன்பிறகுதான் அந்தக் கிழவர்கள் மாதிரி இலேசாகச் சுற்றப் பழகினேன். முதல் கிழமை குரங்கு உழக்குவதுபோல இருந்தது. இப்போது 80, 85 தானாக வருகிறது.

சகோதரி, உங்கள் கணவர் இவ்வளவும் செய்தால் பாதிப் பிரச்சினை தீரும். மற்றப் பாதி ஓய்வு. அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது.

நான் அந்தக் காலத்தில் கிழமைக்கு ஆறு நாள் ஓடுவேன். இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல், நேரே ஆரே ஆற்றங்கரையால் தூன் வரை போய் வருவேன். மனைவி கேட்பா, "இஞ்சாருங்கோ, ஆர் உங்களைக் கலைக்கிறது?" என்று. ஒருவரும் கலைக்கவில்லை என்றுதான் சொல்வேன். உண்மை என்னவென்றால், சும்மா படுத்தால் 2009 வரும். உழக்கினால் வராது. ஆகவே உழக்கினேன். ஓய்வு எடுக்கச் சொன்னால் எனக்குக் கோபம் வந்ததன் காரணம் அதுதான். இதை வாசிக்கிறவர்களில் வேறு சிலருக்கும் இப்படி இருக்கும். ஒருவர் சைக்கிள், ஒருவர் இரண்டாவது வேலை, ஒருவர் போத்தில்.

முழங்காலைக் காட்டப் போன இடத்தில் வைத்தியர் நித்திரையைப் பற்றிக் கேட்டார். முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன். இப்போது இந்த விசயம் முன்பைவிட இலகு. 2022 யூலையிலிருந்து, வைத்தியர் எழுதித் தந்தால் உளவியலாளரிடம் போகிற செலவை அடிப்படைக் காப்புறுதியே ஏற்கிறது. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முதலே கேளுங்கோ. வெட்கப்பட ஒன்றுமில்லை, முழங்காலைக் காட்டுகிற மாதிரித்தான்.

உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஓடும்போது தசை பலப்படுவதில்லை. ஓடும்போது அது சின்னச் சின்னதாகப் பழுதாகிறது, பிறகு நித்திரையிலும் ஓய்விலும்தான் தன்னைத் திருத்திக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக்கொள்கிறது. திருத்த விடாமல் மறுபடி ஓடினால் பழுது மட்டும்தான் சேரும். இந்த ஒன்று எனக்கு முதலே தெரிந்திருந்தால் ஒரு வருசம் மிச்சம்.

இப்போது நான் செய்வது இதுதான். காலை வேலைக் கிழமையில் செவ்வாயும் வியாழனும் ஒவ்வொரு மணித்தியாலம், சனிக்கிழமை ஒரு நீண்ட ஓட்டம். இதில் ஒரு நாள்தான் மூச்சு வாங்க ஓடுவது. மற்றதெல்லாம் பக்கத்தில் வருகிறவரோடு முழு வசனமாகக் கதைக்கக்கூடிய வேகம். கதைக்க முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். தனியே போகிறவர்கள் பாட்டுப் பாடிப் பார்க்கலாம், பேர்ன் மாடுகளுக்குத் தமிழ் விளங்காது. இரவு வேலைக் கிழமையில் வேலைக்குப் போய்வருவதைத் தவிர ஓட்டமே இல்லை. பகல் நித்திரைக்கு யன்னலில் கறுப்புத் துணி போட்டிருக்கிறேன், தொலைபேசி வெளி அறையில். காலையில் எழும்பமுன் படுத்தபடியே நாடியைப் பிடித்து எண்ணுவேன். எனக்கு வழமையாக 54. 60க்கு மேலே இருந்தால் உடம்பு இன்னும் களைப்பில் இருக்கிறது, அல்லது தடிமன் வரப்போகிறது. அன்றைக்குச் சைக்கிள் நிலக்கீழ் அறையிலேயே நிற்கட்டும்.

சாப்பாட்டிலும் நான் அடிபட்டவன். 2016இல் முதல் தடவையாகக் குர்னிகல் ஏறப் போனேன். பெல்ப், ரிக்கிஸ்பேர்க் வழியாகப் போகிற பாதை, உச்சி 1608 மீற்றர். காலையில் ஒரு பிளேன்ரீ மட்டும். ரிக்கிஸ்பேர்க் தாண்டி ஏற்றத்தில் திடீரென்று கண் இருண்டது, கை நடுங்கியது, கால் தன்பாட்டில் நின்றுவிட்டது. ஜெர்மன்காரர் இதற்கு ஹுங்கர்அஸ்ற் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைத்த மாச்சத்து தீர்ந்துபோவது. றோட்டோரப் புல்லில் இருந்தேன். அவ்வழியால் நடந்து வந்த ஒரு வயதான அம்மா ஒரு வாழைப்பழம் தந்தா. அவவின் நாய் என் முகத்தை நக்கியது. திரும்பி வந்துவிட்டேன்.

ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலே ஓடுகிறதென்றால் பசி வரமுன் சாப்பிட வேண்டும். அரை மணித்தியாலத்துக்கு ஒருதடவை இரண்டு பேரீச்சம்பழம் அல்லது பாதி வாழைப்பழம். கடையில் விற்கிற பசைப் பக்கற்றுகளுக்குக் காசு கரைக்காதேங்கோ. தொழில்முறைக் குழுக்களின் வீரர்களே சோற்றைக் கட்டியாக்கிக் கடதாசியில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். எங்கள் வீட்டில் குத்தரிசிச் சோற்றைக் குழைத்து, சர்க்கரையும் கொஞ்சம் உப்பும் போட்டு உருட்டித் தருவா. தண்ணீர்ப் போத்திலில் தேசிக்காய், உப்பு, சீனி. வீட்டுக்கு வந்ததும் சோறு, பருப்பு, முட்டை அல்லது மீன். எங்களுடைய சாப்பாடு இதற்கு நல்லாகவே பொருந்துகிறது.

காப்புறுதி பற்றி ஒரு விசயம், புதிதாக வந்தவர்கள் கவனியுங்கோ. ஒரே முதலாளியிடம் கிழமைக்கு 8 மணித்தியாலமாவது வேலை செய்தால், விடுமுறை நாளில் சைக்கிளால் விழுந்து கை முறிந்தாலும் வேலையிடத்து விபத்துக் காப்புறுதி பார்க்கும். ஆனால் என்னைப்போல மெல்ல மெல்ல வந்த முழங்கால் நோ விபத்தல்ல, நோய். அது வைத்தியக் காப்புறுதிக்குப் போகும். மாதக் கட்டணம் குறையட்டும் என்று நான் பிரான்சீஸ் 2500 எடுத்திருந்தேன். ஆகவே வைத்தியர், படம் எடுத்தது, உடற்சிகிச்சை எல்லாம் என் பொக்கற்றிலிருந்துதான் போனது. 280 பிராங் சைக்கிள் எனக்கு எவ்வளவுக்கு முடிந்தது என்று மனைவி இன்னும் கணக்குச் சொல்லிக் காட்டுவா. அதோடு, இருட்டில் முன்னுக்கு வெள்ளை, பின்னுக்குச் சிவப்பு வெளிச்சம் கட்டாயம். சாதாரண சைக்கிளுக்குத் தலைக்கவசம் சட்டத்தில் கட்டாயமில்லை, எங்கள் வீட்டில் கட்டாயம்.

பி அனுமதி 2019 மாசியில் வந்தது. அந்த வருசம் ஆடியில், நல்லாக நித்திரை கொண்டெழுந்து, சோற்றுருண்டை ஆறோடு குர்னிகலுக்குப் போனேன். ஏற்றத்தில் மூன்று பேர் என்னைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று சின்னக் கியரில் சுற்றிக்கொண்டு போனேன். மேலே காற்று குளிராக இருந்தது. தூரத்தில் பனிமலைகள். அப்பாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். கிளிநொச்சியிலிருந்து உடனே பதில் வந்தது: "சீற் கூடிப் போச்சு, விழப்போறாய்."

தங்கச்சி, கணவரின் புத்தக அளவையும் சீற் உயரத்தையும் எழுதி அனுப்புங்கோ, பார்ப்போம். வீக்கம் இருந்தால் முதலில் வைத்தியரிடம் போகட்டும். அடுத்த இதழில் பிள்ளைகளுக்கான சைக்கிள் அளவு பற்றி எழுதுகிறேன். என் மகனுக்கு இந்த வருசம் மட்டும் மூன்று தடவை உயர்த்தியாகிவிட்டது.